இரண்டு மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆசிரியர்களை எப்படித் தயார் செய்வது?

குறுவள மையக் கூட்டத்திலோ (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) டயட்டிலோ (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) கருத்தாளராக, அதாவது பயிற்சி கொடுப்பவராக, நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கும். இந்த மாதிரி நாள் வழக்கமாக எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ், மதியம் ஒரு பிபிடி, சாயங்காலம் பின்னூட்டப் படிவம், திங்கட்கிழமை வகுப்பில் ஒரு மாற்றமும் இருக்காது. ஒரு நாளில் யாருடைய இங்கிலீஷையும் சரிசெய்ய முடியாது, அதற்கு முயலவே வேண்டாம். ஆனால் ஒரு பாடத்தைத் தயாரிக்கும்போதே அந்தப் பாடத்தில் பிள்ளை எந்த வாக்கியத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும், தன் கையால் எழுத வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஒரு நாளில் தொடங்கிவைத்துவிடலாம். பயிற்சி முழுக்க இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கட்டும்.

இருமொழிப் பிள்ளை என்றதும் ஆங்கில வழிப் பிரிவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைதான் நம் நினைவுக்கு வரும். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். 2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகிவிட்டன, நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற அம்மாவின் பிள்ளை வீட்டில் இங்கிலீஷே காதில் விழாமல் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ படிக்கிறது. அப்புறம், கும்பகோணத்திலும் திருபுவனத்திலும் பட்டு நெய்யும் குடும்பங்களில் பலருக்கு வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். கட்டட வேலைக்கும் ரைஸ் மில் வேலைக்கும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இந்தியோ ஒடியாவோ பேசிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள், நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு வாக்ரிபோலி. இன்னொரு கூட்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, அது தமிழ் வழியிலேயே படிக்கும் பிள்ளை. வீட்டில் ‘தண்ணி சுண்டிப்போச்சு’ என்று பேசுகிற பிள்ளைக்கு ‘ஆவியாதல்’ என்பதும் பள்ளிக்கு வந்து கற்றுக்கொள்கிற மொழிதான். அதனால் ‘நான் தமிழ் மீடியம், எனக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள், அவருக்கும் இது தேவை.

முதல் வேலை விடைத்தாளில் தொடங்கட்டும்

பயிற்சிக்கு வரும்போது ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பிலிருந்து இரண்டு விடைத்தாள் கொண்டுவரட்டும், பெயரை மறைத்துவிட்டு. ஒன்று நன்றாக எழுதியது, இன்னொன்று பாதிக்கு மேல் காலியாக விட்டது. காலியாக இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே கேள்விதான்: பிள்ளைக்கு விஷயம் தெரியவில்லையா, தெரிந்ததைச் சொல்ல மொழி இல்லையா? தாளை வைத்து மட்டும் இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் இந்தப் பயிற்சியின் பயனும். அதே கேள்வியை அந்தப் பிள்ளையிடம் தனியாக, அதன் பேச்சுமொழியில் வாய்விட்டுக் கேட்டுப் பார்க்கும்படி ஆசிரியர்களைப் பயிற்சிக்கு முந்தைய வாரமே செய்யச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு வந்தவர்கள் பயிற்சியில் பேசுவதே வேறு மாதிரி இருக்கும். ‘இவன் ஸ்லோ லேர்னர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ‘இவனுக்கு ஓஸ்மோசிஸ் புரிந்திருக்கு சார், எழுத வரல’ என்று சொல்வார்.

நன்றாக எழுதிய தாளையும் விடாதீர்கள். புக் பேக் பதிலை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து எழுதிய பிள்ளையிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நின்றுவிடும். முழு மதிப்பெண் வாங்கியதாலேயே அந்தப் பிள்ளையின் சிக்கல் வெளியே தெரியாமல் இருக்கிறது, எனக்கு இதுதான் காலி விடைத்தாளைவிட அதிகக் கவலை.

அடுத்து ஆசிரியர்களை மாணவர்களாக உட்காரவைக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் சௌராஷ்டிரமோ உருதோ இந்தியோ வீட்டில் பேசும் ஆசிரியர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை முன்கூட்டியே கேட்டு, பின்னம் மாதிரி ஒரு சின்னப் பாடத்தை அந்த மொழியில் இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை வெறும் பேச்சு, நடுவில் ‘புரிகிறதா?’ என்று கேட்பதும் அந்த மொழியிலேயே. எல்லோரும் தலையாட்டுவார்கள், நம் வகுப்பில் பிள்ளைகள் ஆட்டுவதைப் போலவே. இரண்டாம் முறை ஒரு தாளை மடித்துக் காட்டி, கரும்பலகையில் படம் போட்டு, இரண்டு வாக்கியத்தை எழுதிவைத்து, பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் பேச இரண்டு நிமிடம் கொடுத்து, அப்புறம் அந்த வாக்கியத்தை எல்லோரையும் சொல்லவைத்து எடுக்கட்டும். முடிந்ததும் எது உதவியது என்று கேட்டால் பட்டியல் அவர்களிடமிருந்தே வரும். நீங்கள் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு பதியாது.

கோட்பாடு வேண்டுமா என்றால், கொஞ்சம் போதும். கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979-இல் இரண்டு வகை மொழித்திறனைப் பிரித்துக் காட்டினார்: ஒன்று அன்றாடப் பேச்சு, இன்னொன்று பாடம் படிக்கத் தேவையான மொழி. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலாவது சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறது, இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு வருடம் வரை ஆகிறது என்பது அவர் கண்டது. அந்தப் பிள்ளைகள் கடையிலும் பஸ்ஸிலும் விளையாட்டுத் திடலிலும் நாள் முழுக்க இங்கிலீஷ் கேட்டவர்கள், நம் பிள்ளைக்கு அது வகுப்பறையில் மட்டும்தான். அதனால் அந்த வருடக் கணக்கை அப்படியே இங்கே வைத்துப் பேசாதீர்கள். ‘மே ஐ கம் இன் மிஸ்’ என்று அழகாகச் சொல்லும் பிள்ளைக்குப் பாட இங்கிலீஷும் வந்துவிட்டது என்று எண்ணக் கூடாது, இது மனதில் நின்றால் சரி.

ஒரு பாடத்தை எடுத்து முழுசாகச் செய்து காட்டுங்கள்

பயிற்சியின் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். ஆறாம் வகுப்பில் கலவைகளைப் பிரிக்கும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கதிரடித்தல், தூற்றுதல், சலித்தல், தெளியவைத்து இறுத்தல், வடிகட்டல் எல்லாம் வரும் பாடம். வழக்கமாக ஆசிரியர் பத்துப் பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்களைப் பலகையில் எழுதி, எதிரே தமிழ் அர்த்தம் போட்டு, நோட்டில் எழுதச் சொல்வார். பிள்ளை ‘வின்னோயிங் - தூற்றுதல்’ என்று படித்துக்கொள்ளும். தேர்வில் ‘நெல்லிலிருந்து பதரை எப்படிப் பிரிப்பாய், ஏன் அந்த முறை?’ என்று கேட்டால், சொல் கையில் இருக்கும், வாக்கியம் இருக்காது.

இந்தப் பாடம் முழுக்க ஒரே வாக்கிய அமைப்பில்தான் நடக்கிறது. ‘சாஃப் இஸ் செப்பரேட்டட் ஃப்ரம் கிரெயின் பை வின்னோயிங், பிகாஸ் சாஃப் இஸ் லைட்டர்.’ இதில் பதருக்குப் பதில் மணல், தூற்றுதலுக்குப் பதில் வடிகட்டல், லைட்டருக்குப் பதில் வேறு காரணம் என்று மாற்றிக்கொண்டே போனால் அந்தப் பாடத்தின் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும். ‘இஸ் செப்பரேட்டட் ஃப்ரம்’, ‘பை’, ‘பிகாஸ்’ இந்த மூன்றும்தான் பிள்ளைக்குத் தேவையான சட்டகம். பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவு என்று எழுதும் இடத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து, ‘பிள்ளை சொல்ல வேண்டிய வாக்கியம்’ என்று தலைப்பிட்டு இதை எழுதவையுங்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு வாக்கியம் போதும், நான்குக்கு மேல் போனால் அது இன்னொரு மனப்பாடப் பட்டியலாகிவிடும்.

எடுக்கும் வரிசை முக்கியம். முதல் பத்து நிமிடம் பொருளும் செயலும், பேச்சு முழுக்கத் தமிழில். முறத்தில் கொஞ்சம் அரிசியும் உமியும் கலந்து கொண்டுபோய்ப் புடைக்கவிடலாம். களத்தில் காற்றைப் பார்த்து நின்று தூற்றுவதை இன்றைக்கு எத்தனை பிள்ளை பார்த்திருக்கும் என்று யோசித்துவிட்டு உதாரணம் சொல்லச் சொல்லுங்கள். அறுவடை மிஷின் வயலிலேயே அடித்துப் பிரித்து நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது, ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மின்விசிறி வைத்த தூற்றும் இயந்திரத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், பதர் ஒரு பக்கம் பறந்து விழுவதையும் பார்த்திருப்பார்கள். ‘ஏன் பதர் மட்டும் தள்ளிப்போய் விழுது?’ என்று கேட்டால் ‘வெயிட்டு இல்லல்ல’ என்று பதில் வரும். அங்கேயே அறிவியல் முடிந்துவிட்டது, இனி அதற்கு இங்கிலீஷ் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது வாக்கியத்தைப் பலகையில் எழுதி, எல்லோரையும் சேர்த்துச் சொல்லவைத்து, இரண்டிரண்டு பேராகச் சொல்லவைத்து, அதற்கப்புறம் புத்தகத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். புத்தகம் கடைசியில்தான் வரும். இது பல ஆசிரியர்களுக்கு உறுத்தும், அதனால் பயிற்சியிலேயே ஒருமுறை இந்த வரிசையில் எடுத்துப் பார்க்கட்டும்.

வரிக்கு வரி மொழிபெயர்ப்பதைப் பற்றி உறுதியாகவே பேசுங்கள். ஒரு வரி இங்கிலீஷில் வாசிப்பது, உடனே தமிழில் சொல்வது, அடுத்த வரி. நம் பக்கத்தில் மிக அதிகமாக நடப்பது இதுதான், ஆசிரியர் நல்லெண்ணத்தோடு செய்வதும்தான். ஆனால் பின்னாடியே தமிழ் வரும் என்று தெரிந்த பிள்ளை இங்கிலீஷ் வரிக்குக் காது கொடுக்காது, வருடக் கணக்கில் ஆங்கில வழியில் உட்கார்ந்தும் ஒரு பத்தியைத் தானாக வாசிக்க வராமல் போவதற்கு இது பெரிய காரணம். இதற்கு மாற்றாக ‘இனி தமிழே பேசாதே’ என்று தலைமையாசிரியர் சிலர் உத்தரவு போடுகிறார்கள், அது இன்னும் மோசம், பிள்ளை வாயையே மூடிக்கொள்ளும். இரண்டு மொழிக்கும் தனித்தனி வேலை கொடுப்பதுதான் வழி. தமிழில் பேசிப் புரிந்துகொள்வது, இங்கிலீஷில் வாசிப்பது, தமிழில் விவாதிப்பது, இங்கிலீஷில் எழுதுவது. வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994-இல் வெல்ஷும் இங்கிலீஷும் பேசும் பிள்ளைகளின் வகுப்பில் விவரித்தது இந்த வகையைத்தான்: ஒரு மொழியில் உள்ளே வாங்கி இன்னொரு மொழியில் வெளியே கொடுக்கவைப்பது. அப்படி மாற்றிக் கொடுக்கும்போது பிள்ளை யோசித்தே ஆக வேண்டும்.

தமிழ் பேசினால் அதிகாரி கேட்பாரோ என்று பயப்படும் ஆசிரியர் இருந்தால், 2009-ஆம் வருடக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவைக் காட்டுங்கள். முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

ஆசிரியரின் இங்கிலீஷ் பற்றி

இதை மென்மையாகக் கையாள வேண்டும். நம் ஆசிரியர்களில் பலர் பி.எட். வரை தமிழ் வழியில் படித்தவர்கள், பாடத்தில் கெட்டிக்காரர்கள். ஒரு நாள் திடீரென்று ஆங்கில வழிப் பிரிவைக் கையில் கொடுத்திருப்பார்கள். அவர்களை எல்லோர் முன்னாலும் இங்கிலீஷில் பேசச் சொல்லி உச்சரிப்பைத் திருத்தினால் அந்தப் பயிற்சி அதோடு முடிந்தது, அடுத்த முறை வரும்போது கடைசி வரிசையில் உட்காருவார்கள். அதற்குப் பதிலாக, அடுத்த வாரம் அவர் எடுக்கப்போகும் பாடத்துக்கான அந்த இரண்டு வாக்கியத்தையும், வகுப்பை நடத்தத் தேவையான சில வரிகளையும் (‘டெல் யுவர் பார்ட்னர்’, ‘ஹவ் டு யு நோ?’, ‘சே இட் இன் எ ஃபுல் சென்டன்ஸ்’) எழுதி எடுத்துக்கொண்டு, தெரிந்த ஒருவரோடு ஜோடியாக உட்கார்ந்து நாலைந்து முறை சொல்லிப் பார்க்கட்டும். பிள்ளைக்கு எப்படிச் செய்கிறோமோ அப்படியே. இங்கிலீஷ் ஆசிரியரையும் அறிவியல் ஆசிரியரையும் ஒரே பள்ளியிலிருந்து சேர்த்து அழைத்தால் இன்னும் நல்லது, பாடத்தின் வாக்கியத்தை இங்கிலீஷ் பீரியடிலும் பழக்கிவிடலாம்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதையும் பழக்குங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடியாக்கியதுமே பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தது இருமொழி வகுப்புகளும் இல்லை. இங்கே பிள்ளை கேள்வியைத் தமிழுக்கு மாற்றி, யோசித்து, திரும்ப இங்கிலீஷுக்கு மாற்ற வேண்டும், மூன்று விநாடி எப்படிப் போதும்? பயிற்சியில் ஒருவர் கேள்வி கேட்க, இன்னொருவர் வாட்சைப் பார்க்கட்டும். பத்து விநாடி மௌனமாக நிற்பது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும்.

கணக்கு, சமூக அறிவியல்

கணக்கு ஆசிரியர்கள் ‘எங்களுக்கு மொழி ஒரு பிரச்சினை இல்லை, எண்தானே’ என்பார்கள். வாக்கியக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, எந்தச் சொல்லில் பிள்ளை தடுக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பெரிய கலைச்சொல் எதுவும் இருக்காது. ‘ஈச்’, ‘அட் லீஸ்ட்’, ‘பெர்’, ‘ஹவ் மெனி மோர்’ மாதிரிக் குட்டிச் சொற்கள்தான். ‘மோர்’ என்று பார்த்ததும் கூட்டிவிடுகிற பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது.

பிள்ளை வீட்டில் கேட்கும் அளவைகளை வகுப்புக்குள் கொண்டுவரலாம். நம் பக்கத்தில் நிலம் இன்னும் மா, குழி கணக்கில்தான் பேசப்படுகிறது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. மூன்று மா ஒரு ஏக்கர் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம், பெருக்கிப் பார்த்தால் 43,200 வருகிறது, ஏக்கரோ 43,560 சதுர அடி. 360 சதுர அடி எங்கே போனது என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் சண்டை போடுவார்கள். அந்தப் பாடத்தின் வாக்கியம்: ‘த்ரீ மா இஸ் ஸ்லைட்லி லெஸ் தேன் ஒன் ஏக்கர். த டிஃபரன்ஸ் இஸ் 360 ஸ்கொயர் ஃபீட்.’ ஒப்பிடும் மொழி முழுக்க இதில் அடங்கிவிடுகிறது.

சமூக அறிவியலுக்கு மேட்டூர் அணை போதும். நீர்மட்டம், நீர்வரத்து, நீர்திறப்பு என்று தினமும் பேப்பரில் வருகிறது. முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. ஜூன் 12-இல் திறப்பார்களா என்று ஊரே பேசுகிறது. ஒரு வாரத்துப் பேப்பரை வெட்டி வைத்து வரைபடம் போடவைத்து, ‘இன்ஃப்ளோ இஸ் கிரேட்டர் தேன் அவுட்ஃப்ளோ, ஸோ த லெவல் ரைசஸ்’ என்று சொல்லவையுங்கள். காரணமும் விளைவும் சொல்லும் வாக்கியம் இது. வரலாற்றுப் பாடத்திலும் பிள்ளைக்கு இதே அமைப்புதான் தேவைப்படும்.

தமிழே புதிதாக இருக்கும் பிள்ளைக்கு

இந்தி பேசும் பிள்ளை எட்டாம் வகுப்பில் நடுவருடத்தில் வந்து சேர்ந்தால் ஆசிரியர் கை பிசைந்து நிற்பார், பெரும்பாலும் அந்தப் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிடுவார். ஆசிரியர் இந்தி கற்க வேண்டியதில்லை. முதலில், அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று அதன் மொழியிலேயே எழுதவைத்துத் தெரிந்துகொள்ளட்டும், வாசித்துச் சொல்ல யாராவது கிடைப்பார்கள். சில பிள்ளைகள் நம் வகுப்புப் பிள்ளைகளைவிடக் கணக்கில் முன்னால் இருக்கக்கூடும். என்.சி.இ.ஆர்.டி.யின் இந்திப் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அதே தலைப்புள்ள பாடத்தை ஹைடெக் லேபில் முந்தின நாளே வாசிக்கவிட்டால் மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது என்று புரியும். நன்றாகப் பேசுகிற, பொறுமையான ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். எப்போதும் முதல் ரேங்க் பிள்ளையையே போடாதீர்கள், அது பதிலைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.

மதிப்பெண் போடுவதையும் பயிற்சியில் பேசியாக வேண்டும். வகுப்புத் தேர்வில் கருத்துக்குத் தனி மதிப்பெண், மொழிக்குத் தனி மதிப்பெண் என்று பிரித்துப் போட்டால், பெற்றோரிடம் ‘உங்கள் பிள்ளைக்கு அறிவியல் வருகிறது, எழுத்துதான் பழக வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்ல முடியும். படம் வரைந்து பாகம் குறித்தாலும், பாதித் தமிழில் எழுதினாலும் கருத்துக்கு உண்டானதைக் கொடுக்கட்டும். பொதுத்தேர்வில் அது செல்லாதே என்று உடனே கேட்பார்கள். சரிதான், அதனால்தான் வகுப்புத் தேர்வில் தொடங்கி மெல்ல மெல்ல இங்கிலீஷுக்கு நகர்த்த வேண்டும். பொதுத்தேர்வைப் பொறுத்தவரை ஒன்று சொல்லிக்கொடுங்கள்: பத்தாம் வகுப்பு அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் வினாத்தாளில் கேள்விகள் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சாகி வருகின்றன. இங்கிலீஷ் கேள்வி புரியாவிட்டால் தமிழ்க் கேள்வியை வாசித்துவிட்டு இங்கிலீஷில் பதில் எழுதலாம் என்று ஆங்கில வழிப் பிள்ளைகளில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. மாதிரித் தேர்வில் இதைப் பழக்கிவிட வேண்டும்.

பயிற்சி நாளைவிட அதற்குப் பிறகு வரும் வாரங்கள்தான் பெரிய வேலை. ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ பயிற்சியை வைத்துக்கொண்டால் காலாண்டுத் தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது வகுப்பைப் போய்ப் பார்க்க நேரம் இருக்கும். நவம்பர், டிசம்பரில் வைத்தால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மழை விடுமுறை எல்லாவற்றையும் கலைத்துவிடும். முதல் முறை போகும்போது ஆசிரியரை எடுக்கச் சொல்லிப் பார்க்காதீர்கள், நீங்களே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுங்கள், அவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். தடுமாறினாலும் பரவாயில்லை, கருத்தாளரும் உண்மையான வகுப்பில் எடுக்கிறார் என்று தெரிந்தால்தான் அவர் நம்புவார். அடுத்த முறை அவர் எடுக்கும்போது நடுபெஞ்சில் மூன்று பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த நாற்பது நிமிடத்தில் அவர்கள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும், எந்த மொழியில் வந்தாலும், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘எஸ் மிஸ்’ கணக்கில் வராது. வகுப்பு முடிந்ததும் வேறு எதுவும் சொல்லாமல் அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பாடத்துக்கான வாக்கியம் எது என்று அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.